கடல் நடுவே வானம் சொல்லித்தரும் வேலை: ஒரு முழுமையான வழிகாட்டி

“சார், கப்பல்ல உங்களுக்கு எவ்ளோ சம்பளம் தர்றாங்க?”

ஒவ்வொரு பயணம் முடிந்து ஊர் திரும்பும்போதும் தேவனாம்பட்டினத்தில் என்னிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். சம்பளம் கிடையாது. அது தெரிந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கடலூர் மாவட்டத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொகுசுக் கப்பல்களில் பயணிகளுக்கு வானியல் சொல்லும் விருந்தினர் பேச்சாளராக இதுவரை ஏழு முறை போய்வந்திருக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் வானியல் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மொட்டைமாடியில் பைனாகுலரோடு நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இப்படியொரு வாசல் திறந்திருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கான இடம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கரையில் பிறந்தவரிடம் கப்பலில் சொல்ல எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை என்ன, கைக்கு வருவது என்ன

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் நாளைக் கடல் நாள் என்பார்கள். பயணிகள் ஊர் சுற்ற இறங்க முடியாத அந்த நாட்களில்தான் உரைகள் நடக்கும். ஓர் உரை 45 நிமிடம். கப்பலின் அரங்கில், பெரிய திரையோடு பேச வேண்டும். பதினான்கு நாள் பயணத்தில் ஐந்து கடல் நாள் இருந்தால் ஐந்து உரை. வானியல் பேச்சாளர் என்றால் இரண்டு மூன்று இரவுகள் மேல்தளத்தில் வானம் காட்டவும் கேட்பார்கள். மற்ற நேரத்தில் நீங்களும் ஒரு பயணிதான். ஆனால் சாப்பாட்டு மேசையில், லிப்டில், காப்பிக் கடையில் எங்கே பார்த்தாலும் ஆட்கள் கேள்வியோடு வருவார்கள். முகம் சுளிக்காமல் பேச வேண்டும். உரையைவிட இதைத்தான் கப்பல்காரர்கள் கவனிக்கிறார்கள்.

இதற்கு ஈடாக உங்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கேபினும் சாப்பாடும் தருவார்கள். கப்பல் கிளம்பும் துறைமுகம் வரை விமானச் செலவு பெரும்பாலும் நம்முடையது. ஏஜென்சி வழியாகப் போனால் பயண நாள் கணக்கில் அவர்களுக்கு ஒரு கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். இணையம், துணி துவைப்பு, டிப்ஸ் எல்லாம் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கப்பலில் புத்தகம் விற்கக் கூடாது, அரசியலும் மதமும் பேசக் கூடாது, அரங்கில் காசு கொடுத்து வந்த பயணிக்கு இடம் விட்டு உட்கார வேண்டும் என்பவை பொதுவான விதிகள். எனக்கு இவை எதுவும் உறுத்தவில்லை.

முதல் படி: ஊர்க் கடற்கரையில் பேசிப் பழகுங்கள்

2012 ஜூன் 6 காலை, சூரியனின் குறுக்கே கரும்புள்ளியாகக் கடந்துகொண்டிருந்த வெள்ளிக் கோளைக் காட்ட கடலூர் சில்வர் பீச்சில் பிள்ளைகளோடு நின்றேன். நடை போக வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மணி நேரத்தில் எண்ணிப் பார்க்க முடியாத அளவு ஆட்களிடம் அதே விஷயத்தை வேறு வேறு விதமாகச் சொன்னேன். மீன் வாங்க வந்த அம்மாவுக்கு ஒரு விதம், பொறியியல் மாணவனுக்கு ஒரு விதம். கப்பலுக்கு வேண்டிய பயிற்சி அதுதான். வகுப்பறையில் நாற்பது வருடம் பாடம் நடத்தினாலும் அது வராது, ஏனென்றால் வகுப்புப் பிள்ளை எழுந்து போக முடியாது, கப்பல் பயணி எழுந்து போய்விடுவார்.

ஆறு மாதமாவது இதைச் செய்யுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்க வசதி. லாஸ்பேட்டை அப்துல் கலாம் அறிவியல் மையத்தின் கோளரங்கத்தை ஒரு முறையாவது பார்த்து, இருட்டில் எப்படிக் குரலாலேயே கண்ணை நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு தடவையாவது படகிலும் பேசிப் பாருங்கள். தெரிந்த மீனவ அண்ணன் ஒருவரோடு பைபர் படகில் இரவு கடலுக்குள் போனபோது, நான் சொல்லித்தரப் போய், அவரிடம் கற்றுக்கொண்டு வந்தேன். “அதோ கூட்டுவெள்ளி சார், அது கிளம்புற நேரத்த வச்சி மாசம் சொல்லிடுவோம்” என்றார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத்தான் காட்டினார். சங்கத் தமிழ் அதை அறுமீன் என்கிறது. அந்த இரவில் நான் எழுதிவைத்த நாலு பக்கக் குறிப்பு, இன்றுவரை என் உரைகளில் எல்லாவற்றிலும் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் நடுவே ஒரு நாள் பத்து நிமிடப் பேச்சை நல்ல ஒலியோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு அது வேண்டும்.

இரண்டாம் படி: தொலைநோக்கியை வீட்டில் வையுங்கள்

முதல் பயணத்துக்கு நான் சின்னத் தொலைநோக்கி ஒன்றைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். முதல் இரவே தெரிந்துவிட்டது. கப்பல் மெல்லத்தான் ஆடும், காலுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஐம்பது மடங்கு பெரிதாக்கும் குழாயில் வியாழன் கண்ணில் நிற்காமல் ஊஞ்சலாடியது. வரிசையில் நின்ற முப்பது பேரும் எதையும் பார்க்காமல் திரும்பினார்கள். அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல் நினைவுக்கு வந்தார்.

புதுச்சேரிக்காரர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க, 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பலேறினார். உலகின் பல மூலைகளிலிருந்து அந்த நேரத்தை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிட முடியும் என்பதுதான் நோக்கம். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. கடக்கும் நாளில் வானம் தெளிவாக இருந்தும் அவர் நடுக்கடலில் இருந்தார். வெள்ளியைப் பார்த்தார். ஆனால் ஆடும் தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று சரியாகச் சொல்லவும் வழியில்லை. பார்த்தது எதுவும் அளவாகவில்லை.

அடுத்த கடப்பு 1769-இல். எட்டு வருடம் இந்தப் பக்கமே இருந்துவிட்டார். 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்தார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது, ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வரவேற்று, இடிந்த கோட்டையின் மேல் வானாய்வகம் கட்டித் தந்தார். அந்த லா-வின் பெயரில்தான் இன்றைய லாஸ்பேட்டை இருக்கிறது, கோளரங்கமும் அங்கேதான் இருக்கிறது. 1769 ஜூன் 4 விடியற்காலை, அதுவரை தெளிவாக இருந்த வானத்தை மேகம் மூடியது. கடப்பு முடிந்த சற்று நேரத்தில் சூரியன் வெளியே வந்தது. பதினொன்றரை ஆண்டு கழித்து ஊர் திரும்பியவரை, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி அவர் சொத்தைப் பங்குபோடத் தொடங்கியிருந்தார்கள்.

கப்பல் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. துல்லியம் கிடைக்காது. விளக்கில்லாத வானம் கிடைக்கும், தடையில்லாத அடிவானம் கிடைக்கும், இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வானமும் நாளுக்கு நாள் மாறும். ஆகவே வெறும் கண்ணுக்கு ஏற்ற வானியலையே கப்பலில் சொல்லித்தர வேண்டும். 7×50 பைனாகுலர் (ஏழு மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) ஒன்று போதும். வசதியிருந்தால் கைநடுக்கத்தைத் தடுக்கும் பைனாகுலர் வாங்கலாம், அது கப்பல் ஆட்டத்தையும் ஓரளவு தாங்கும்.

மூன்றாம் படி: உரைகளை எழுதுவது

பாடத்திட்டத்தை எடுத்துப் போனால் இரண்டாம் உரைக்கு அரங்கு காலியாகும். ‘நட்சத்திரங்களின் பரிணாமம்’ என்று என் முதல் உரைக்குத் தலைப்பு வைத்தேன், அறுபது பேர் வந்தார்கள். அதே விஷயத்தை அடுத்த பயணத்தில் ‘கப்பலில் பிறந்த கண்டுபிடிப்புகள்’ என்று மாற்றினேன், நிற்க இடமில்லை. தலைப்பு மட்டும் அல்ல, கதையின் நுழைவாசலே மாறியிருந்தது.

அந்த உரையின் உள்ளடக்கம் இது. 1930 ஜூலை 31 அன்று மும்பையில் கப்பலேறிய 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் இருந்தால் வெண்குள்ளன் என்ற சிறிய, அடர்ந்த நட்சத்திரமாக அடங்கி நிற்க முடியாது என்று முடிவுக்கு வந்தார். பின்னாளில் அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று நிலைபெற்றது. சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983-இல் நோபல் பரிசு. அவருக்கு ஒன்பது வருடம் முன்னால், 1921-இல், அவருடைய சித்தப்பா சி.வி. ராமன் எதிர்த்திசையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அப்போது சொல்லிவந்ததை ஏற்காமல், கப்பல் தளத்திலேயே நிக்கோல் பட்டகம் என்ற ஒளி வடிகட்டியைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. அந்தச் சிந்தனை, ராமன் விளைவைக் கண்ட 1928 பிப்ரவரி 28 வரை அவரைக் கொண்டுபோனது.

உரை முடிந்ததும் எல்லோரையும் தளத்துக்குக் கூட்டிப்போய், போலராய்டு கறுப்புக் கண்ணாடி வைத்திருப்பவர்களை அதைத் திருப்பித் திருப்பிக் கடலைப் பார்க்கச் சொல்வேன். பளபளப்பு மறைந்து ஆழத்தின் நீலம் தெரியும். ராமன் பார்த்ததை அவர்களும் பார்க்கிறார்கள். எந்தப் படமும் தராத திருப்தி அது.

இன்னொரு உரை ‘உங்கள் ஊரில் விட்டுவந்த நட்சத்திரங்கள்’. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. புதுச்சேரியில் 12 பாகை. கையை நீட்டி மடக்கிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை, ஆகவே ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. கப்பல் வடக்கே போகப் போக அது ஏறும். ஒரு கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 1,852 மீட்டர். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் பத்து மணி நேரம் நேர் வடக்கே ஓடினால் துருவன் மூன்று பாகைக்கு மேல் ஏறியிருக்கும், இரண்டு விரல் அகலம். இதைத் தினமும் பயணிகளையே அளக்கச் சொல்லி ஒரு தாளில் குறிக்கவைத்தால், நாலாம் நாள் அவர்களே கேப்டனிடம் போய்க் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்வார்கள். அரபு மாலுமிகளின் கமால் என்ற சின்னப் பலகையும் முடிச்சுக் கயிறும் செய்த வேலை இதுதான். அட்டையில் வெட்டி இருபது கமால் கொண்டுபோனால் போதும்.

மூன்றாவதாக, நம் ஊரைப் பற்றியே ஓர் உரை. லெ ஜென்டீல் புதுச்சேரியில் காத்திருந்தபோது, சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாட வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே கிரகணம் கணிக்கும் தமிழரிடம் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறை 41 விநாடி மட்டும் குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான, ஜெர்மானிய வானியலாளர் மேயருடையது 68 விநாடி கூட்டிச் சொன்னது. இதைச் சொல்லும்போது பெருமைக்காக மிகைப்படுத்தாதீர்கள். எழுத்தில் வந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள், அரங்கு தானாக நிமிரும். இதோடு 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவின் தென்துருவப் பகுதிக்கருகே இறங்கிய சந்திரயான்-3-ஐயும், அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்களுக்கு அடுத்த ஊரான விழுப்புரத்துக்காரர் என்பதையும் சேர்ப்பேன்.

வடிவமைப்பு பற்றிச் சுருக்கமாக: கறுப்புப் பின்னணி, பெரிய எழுத்து, ஒரு திரைக்கு ஒரு படம். கேட்பவர்களில் மூத்தவர்கள் அதிகம், காது மந்தமானவர்களும் இருப்பார்கள், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். நம் ஆங்கில உச்சரிப்பு தடையில்லை, வேகம்தான் தடை. நாசாவின் படங்களைப் பொதுவாக உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், யாருடைய படம் என்று குறிப்பிட்டுவிடுங்கள். 40 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அதே அரங்கில் பிங்கோ விளையாட்டு இருக்கும், அதற்கு வரும் கூட்டம் கதவருகே நிற்கும்.

நான்காம் படி: விண்ணப்பம்

ஒரு பக்கத்தில் உங்களைப் பற்றி, ஒரு பக்கத்தில் ஐந்தாறு உரைத் தலைப்புகளும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும், ஒரு நல்ல புகைப்படம், வீடியோ, உங்கள் பேச்சைக் கேட்ட இருவரின் கடிதம். இவ்வளவுதான். கப்பல் நிறுவனங்களின் பயணிகள் நிகழ்ச்சிப் பிரிவுக்கு நேராக எழுதலாம், பேச்சாளர்களை அமர்த்தும் ஏஜென்சிகள் வழியாகவும் போகலாம். ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். நான் பதினோரு கடிதம் எழுதினேன், இரண்டுக்குப் பதில் வந்தது, ஒன்று பயணமானது.

முனைவர் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாசல் மூடாது. எனக்கு இல்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் பலம் பிரெஞ்சு. போனான் போன்ற பிரெஞ்சு நிறுவனக் கப்பல்களில் இரண்டு மொழியிலும் பேசக்கூடியவருக்கு மதிப்பு அதிகம். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்த பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

கோளரங்கமே உள்ள கப்பல்களும் உண்டு. 2004-இல் ஓடத் தொடங்கிய குவீன் மேரி 2-தான் கடலில் முதல் கோளரங்கத்தைக் கொண்டது. 2018-இல் வந்த வைக்கிங் ஓரியனிலும் இருக்கிறது. இவற்றில் முதல் முயற்சியிலேயே இடம் கிடைப்பது கடினம், இரண்டு மூன்று பயணம் முடித்துவிட்டு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எந்தப் பயணம், எந்த மாதம்

வானியல் பேச்சாளர் பயணத்தைத் தேர்வு செய்யும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: எத்தனை கடல் நாள், நிலவு எந்தக் கட்டத்தில், இரவு எவ்வளவு நீளம்.

பருவம் மாறும்போது கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறும். ஆசியாவில் குளிர்காலம் ஓடிய கப்பல் ஏப்ரல் வாக்கில் ஐரோப்பாவுக்கோ அலாஸ்காவுக்கோ கிளம்பும். அந்தப் பயணங்களில் கடல் நாட்கள் நிறைய, பேச்சாளர் தேவையும் நிறைய. சிங்கப்பூரிலிருந்து துபாய் வரை ஏப்ரலில் போனது என் வாழ்வின் சிறந்த வானம். வடக்கே சப்தரிஷி என்று சொல்லும் எழுமீன் மண்டலம், தெற்கே தென்சிலுவை, இரண்டும் ஒரே இரவில். புதுச்சேரியிலிருந்தும் ஏப்ரல், மே இரவுகளில் தென்சிலுவை தெரியும், அதன் அடிநட்சத்திரம் 15 பாகைதான் ஏறும். ஊர் விளக்கும் ஈரப்பதமும் அதை விழுங்கிவிடுகின்றன.

இரண்டாவது பயணத்தில் இதைக் கவனிக்காமல் ஏமாந்தேன். ஜூன் மாதம் வட நோர்வே. ட்ரோம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. ‘நட்சத்திர இரவு’ என்று மூன்று நிகழ்ச்சி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே ராத்திரியில், அதாவது ராத்திரி என்று சொல்லப்பட்ட அந்த வெளிச்சத்தில், மூன்றையும் சூரியனைப் பற்றியதாக மாற்றினேன். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துவருவது, 1909-இல் அங்கே எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது, 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்த சூரிய ஆய்வு விண்கலம் ஆதித்யா-எல்1 என்று போனது. நன்றாகவே அமைந்தது, ஆனாலும் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். அலாஸ்காவும் அப்படித்தான், ஜூனோவில் ஜூன் நள்ளிரவிலும் வானம் முழுசாக இருட்டாது. அங்கே துருவ ஒளி பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்.

முழுச் சூரிய கிரகணத்தைத் துரத்தும் பயணங்கள் தனி உலகம். 1972 ஜூலை 10 கிரகணத்துக்கு நியூயார்க்கிலிருந்து ஒலிம்பியா என்ற கப்பல் கிளம்பியது இந்த வழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று. மேகம் வந்தால் கப்பல் நகர்ந்துகொள்ளும், லெ ஜென்டீலுக்குக் கிடைக்காத வசதி. 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தின் பாதை மத்தியதரைக் கடலின் மேற்குவாசலில் நுழைந்து வட ஆப்பிரிக்கா வழியாகப் போகிறது, லக்சர் அருகே 6 நிமிடத்துக்கும் மேல் சூரியன் மறையும். 2028 ஜூலை 22 பாதை சிட்னியைத் தொடுகிறது.

ஆறாம் படி: காகிதங்களும் பெட்டியும்

கப்பல் உங்களைப் பயணிப் பட்டியலில் சேர்க்கிறதா, ஊழியர் பட்டியலிலா என்று கேளுங்கள். விசா வகை அதைப் பொறுத்தது. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளிலிருந்து கப்பல் வெளியே போய்த் திரும்பினால் பலமுறை நுழையும் விசா வேண்டும், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், திரும்பும்போது நம் நாட்டிலேயே சான்று கேட்பார்கள். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவையும் சேர்த்த காப்பீடாக எடுங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

பெட்டியில்: லேப்டாப், எல்லா வகை இணைப்பு அடாப்டர்களும், உரைகள் இரண்டு பென் டிரைவில், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் பத்து, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் இணையமில்லாமல் ஓடும்படி, பைனாகுலர் லென்சில் படியும் உப்பைத் துடைக்க நல்ல துணி. பச்சை லேசர் வேண்டாம். பல கப்பல்களில் அது தடை, என்னுடையதை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். விமானிக்கும் கப்பல் ஓட்டுபவருக்கும் அது ஆபத்து என்பதால் நியாயம்தான். எல்லோரும் நல்ல உடையில் வரும் விருந்து இரவுக்குப் பட்டு வேட்டி சட்டை கொண்டுபோங்கள், கோட்டு தைக்க வேண்டாம். வேட்டியைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் மறுநாள் உரைக்கும் வந்தார்கள். தலைசுற்றல் வரும் உடம்பென்றால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி கேபின் கேளுங்கள். இஞ்சி மரப்பாவும் உதவும்.

ஏழாம் படி: மேல்தளத்தில் ஓர் இரவு

ஏறிய அன்றே நிகழ்ச்சி இயக்குநரையும் அரங்கின் ஒலி-ஒளி ஊழியரையும் பார்த்துக் கைகுலுக்குங்கள். உங்கள் வெற்றி அந்த ஊழியர் கையில். பிறகு விளக்கைப் பற்றிக் கேளுங்கள். நிகழ்ச்சி நேரத்தில் மேல்தளத்தின் ஒரு பகுதியை இருட்டாக்கக் கப்பல் ஓட்டும் அறையின் அனுமதி வேண்டும். இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, உச்சி வெள்ளை விளக்குகள் எப்போதும் எரியும், அவை கடல் சட்டம். பொதுவாகக் கப்பலின் முன்பக்கம்தான் நல்ல இருட்டு, ஓட்டுபவர்களின் கண் இருளுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதால் அங்கே வெளிச்சத்தை விடமாட்டார்கள். ஆனால் காற்று அங்கேதான் பலமாக அடிக்கும். கப்பல் மணிக்கு 37 கிலோமீட்டரில் ஓடினால் காற்றே இல்லாத இரவிலும் அந்த வேகக் காற்று முகத்தில் அறையும். சால்வை எடுத்துவரச் சொல்லி அன்றைய நிகழ்ச்சித் தாளிலேயே அச்சிட வையுங்கள்.

எல்லோரையும் உட்காரவைத்து, முதல் இருபது நிமிடம் எதையும் காட்டாதீர்கள். கண் இருளுக்குப் பழகட்டும். செல்போன் திரை ஒன்று ஒளிர்ந்தாலும் போச்சு, அன்பாகச் சொல்லி அணைக்க வையுங்கள். அந்த நேரத்தில் கதை சொல்லுங்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்க்கச் சொல்லுங்கள். அந்த மௌனத்தை நீங்கள் கெடுக்காமல் இருந்தால் போதும்.

லேசர் இல்லாமல் எப்படிக் காட்டுவது? எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து கைப்பிடித்து நடத்துங்கள். எழுமீனின் வாலை வளைத்தபடியே நீட்டினால் செம்மஞ்சளாக சுவாதி, இன்னும் நீட்டினால் வெள்ளையாக சித்திரை. கூட்டத்தில் நம்மவர் இருந்தால் என் வழி இன்னும் எளிது. “உங்க நட்சத்திரம் என்னம்மா?” என்று கேட்பேன். தன் ஜென்ம நட்சத்திரம் தெரியாத தமிழர் அபூர்வம், அதை வானத்தில் பார்த்தவர் அதைவிட அபூர்வம். ரோகிணி, திருவாதிரை, மகம், கேட்டை, திருவோணம் எல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள். துபாய்ப் பயணத்தில் எழுபது வயது அம்மா ஒருவர் தன் கணவரின் நட்சத்திரமான மகத்தைக் காட்டச் சொன்னார். அவர் போய் நாலு வருடமாம். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இம்புட்டு வெளிச்சமாவா இருக்கும்?” என்றார்.

ஜோதிடக் கேள்வி கட்டாயம் வரும். சண்டை போடாதீர்கள். மகத்திலிருந்து வரும் ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 79 வருடம் ஆகிறது, இன்று பார்ப்பது அப்போது கிளம்பியது, இதுதான் எனக்குத் தெரிந்தது என்று சொல்லி நிறுத்துவேன்.

கடைசிப் படி: கீழ்த்தளம்

கையேடுகளில் இதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கப்பலிலும் சலவையில், சமையலில், இயந்திர அறையில் நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். பயணிகளின் தளத்துக்கு அவர்கள் வர முடியாது. ஏறிய இரண்டாம் நாள் ஊழியர் நலனைப் பார்க்கும் அதிகாரியிடம் போய், வேலை முடியும் நேரத்தில் அவர்களுக்கும் ஒரு மணி நேரம் வானம் காட்டட்டுமா என்று கேளுங்கள். நான் கேட்ட ஐந்து முறையும் சரி என்றார்கள். ஊழியர்களுக்கான திறந்த தளம் பல கப்பல்களில் முன்முனையில்தான் இருக்கிறது. கப்பலிலேயே இருட்டான இடம் அதுதான்.

இரவு பதினொன்றரைக்கு ஒரு டிசம்பரில் அங்கே பதினாறு பேர் வந்தார்கள். தமிழில் பேசினேன். பரங்கிப்பேட்டைத் தம்பி ஒருவன், எட்டு மாதமாகச் சலவைப் பிரிவில் இருப்பவன், தலைக்கு மேலே கையை நீட்டி, நான் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னான்: “சார், அது கூட்டுவெள்ளிதான? எங்கப்பா காட்டியிருக்காரு.”

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவன்தான் மற்றவர்களுக்குக் காட்டினான்.